ஷீட்டு ரூம்ல தூக்கம் வரணுமா? அக்கா சொல்றதைக் கேளு

மொட்டை மாடியில ஷீட்டு போட்டு ஒரு ரூம் கட்டிட்டு, பங்குனி பொறந்ததும் "அக்கா, உள்ள அடுப்பு மாதிரி இருக்கு"ன்னு வந்து நிக்கிற. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சரி விடு. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைப் புறநகர் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகுனதைப் பார்த்தவங்களுக்கு மேல ஒரு ரூம் இருந்தா தேவலைன்னு தோணத்தான் செய்யும். ஆனா ஷீட்டு ரூம்னா வெயில்ல நிறுத்தி வச்ச வேன் மாதிரிதான். 2003 மே 31-ம் தேதி சென்னையில 45 டிகிரி அடிச்சதே, அது நிழல்ல அளந்த சூடு. நேர் வெயில்ல காயுற தகரத்தை நீயே கணக்குப் போட்டுக்கோ.

இப்பவே ஏசி கடைக்கு ஓடாத. முதல் செலவு கூரைக்கு மேல, மிச்சம் இருந்தா உள்ள.

1. வெள்ளை அடி. பங்குனி முடியுறதுக்குள்ள அடிச்சிடு. சிமெண்ட் தளம்னா சுண்ணாம்புல கொஞ்சம் ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட்டு போதும். தகரத்துல சுண்ணாம்பு உரிஞ்சிடும், அதுக்குன்னு இருக்கிற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் வாங்கு. ஒழுகுதுன்னு கறுப்பு தார் ஷீட்டை ஒட்டி அப்படியே விட்டுடாத, மழைக்கு மருந்து வெயிலுக்கு விஷம். வெள்ளை மேல தூசி படிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல, மாசத்துக்கு ஒரு தடவை துடைப்பத்தால தள்ளி விடு.

2. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? அப்ப இதை நல்லா காதுல வாங்கிக்கோ. சுரண்டாத, உப்புத்தாள் போடாத, டிரில் போடாத. அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. அது மேல ஏறி நிக்கவும் கூடாது, உடைஞ்சு விழுந்தவங்க நிறைய. உச்சி வெயில்ல தண்ணி கொட்டுற பழக்கம் இருந்தா நிறுத்து. சுட்ட ஷீட்டு விரிசல் விடலாம், லாரித் தண்ணியும் வீண்.

3. பச்சை நிழல் வலை. ஷீட்டுக்கு மேல ஒரு அடியாவது உயரத்துல கட்டு. ஷீட்டோட ஒட்டிக் கட்டினா வலை வாங்குற சூடு அப்படியே கீழ இறங்கும், நடுவுல காத்து ஓடணும்.

4. பளபளக்கிற பபிள் ஷீட். இதுல நானே ஏமாந்திருக்கேன். வந்த ஆள் பசை தடவி தகரத்துல அப்படியே ஒட்டிட்டுப் போயிட்டாரு, நானும் அழகா இருக்குன்னு பார்த்துக்கிட்டு நின்னேன். ஒரு டிகிரி கூட குறையல. பளபளப்பு வேலை செய்யணும்னா அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி வேணும். ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை அடிச்சு, அதுக்குக் கீழ கட்டச் சொல்லு. ரெண்டு ஓரத்துலயும் சூடு வெளிய போக சந்து விட்டு, கொசுவலை அடிச்சிடு. இல்லன்னா எலி குடி வந்துடும்.

5. தெர்மாகோல் சீலிங் சூட்டைத் தடுக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா தீப்பிடிச்சா உருகித் தலையில சொட்டும். வயர், பல்பு ஹோல்டர் பக்கத்துல வேணவே வேணாம். புதுசாவே கூரை போடப் போறன்னா 50 மில்லிமீட்டர் பஃப் பேனலா (ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் வச்சது) கேளு. முதல்ல காசு உறைக்கும், ஆனா மேல சொன்ன பாதி வேலை மிச்சம்.

6. மேற்கு ஜன்னலுக்கு உள்ள கர்ட்டன் போட்டு என்ன லாபம்? சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சே. வெளிப்பக்கமா மூங்கில் தட்டி தொங்க விடு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில தேடு, பேரம் பேசத் தெரிஞ்சா.

7. சீலிங் ஃபேன் மேல தேங்கின அனலை இழுத்து உன் மேலதான் கொட்டும். டேபிள் ஃபேனை கிழக்கு ஜன்னல் பக்கம் வை. கடல் காத்து நம்ம பக்கம் வந்து சேர நேரம் ஆகும். அது வந்ததும் கிழக்கையும் மேற்கையும் திறந்து விடு. அது வரைக்கும் மேற்கு ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

இதெல்லாம் செஞ்சும் போதலைன்னா ஏசி போடு, நான் தடுக்கல.

மார்கழியில தகரத்தோட உள்பக்கம் வேர்த்து சொட்டும், பயந்துடாத, அது ஒழுகல் இல்ல, பனி. சூடு வெளிய போக கூரை ஓரத்துல விட்ட சந்தை மட்டும் துணி வச்சு அடைச்சிடாத.

ஐப்பசிக்கு முன்னாடி வலையை அவுத்து மடிச்சு வை. ஷீட்டைப் பிடிச்சிருக்கிற ஜே போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை முடுக்கி, காய்ஞ்சு போன வாஷரை மாத்து. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த அன்னிக்கு எத்தனை ஷீட்டு பறந்துச்சு, ஞாபகம் இருக்கா? வலை கட்டின கயித்தைத் தூக்கிப் போட்டுடாத, மறுபடி பங்குனிக்கு வேணும்.