இழைக்குரிய சேமிப்பும் தொகுப்பானின் எச்சரிக்கைகளும்

சி மொழிச் செய்நிரலொன்று பல இழைகளாக, அதாவது ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியே ஓடும் செயற்போக்குகளாக, இயங்கும்போது ஒவ்வோர் இழைக்கும் தனக்கெனச் சில தரவுகள் தேவைப்படுகின்றன. இதற்காகப் போசிக்ஸ் இழை நூலகம் தரும் ஏற்பாடே இழைக்குரிய சேமிப்பு. அக்கரப்பத்தனை மலையொன்றில் கொழுந்தெடுப்போர் அனைவரும் 'கூடை' என்றே சொன்னாலும் அவரவர் கொழுந்து அவரவர் முதுகிலுள்ள கூடையில் விழுவது போல, திறவி, அதாவது மதிப்பை இடவும் மீட்கவும் இழைகள் அனைத்தும் பயன்படுத்தும் பொது அடையாளம், ஒன்றாயினும் அதன்கீழ் இடப்படும் மதிப்பு இழைக்கு இழை வேறாகும்.

நம்பிக்கை: அம்மதிப்பை மீட்கையில் தொகுப்பான் எழுப்பும் எச்சரிக்கை, வகைமாற்றம் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

உண்மை: மதிப்பை மீட்டுத்தரும் 'பிதிரெட்_கெட்ஸ்பெசிஃபிக்' சார்பு, எவ்வகைத் தரவையும் சுட்டவல்ல வாய்ட் சுட்டியைத் தருவதால், அதனை வேறொரு தரவுச் சுட்டியில் இடச் சி மொழியில் வகைமாற்றமே வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும் முழுஎண்ணிலிருந்து சுட்டி உருவாவதாகத் தொகுப்பான் முறையிட்டால், பெரும்பாலும் 'பிதிரெட்.எச்' தலைப்புக் கோப்பு விடுபட்டிருக்கிறது என்றே பொருள். அறிவிக்கப்படாத சார்பு 'இன்ட்' வகை முழுஎண்ணைத் தருமென்று பழைய விதி ஊகித்துக்கொள்ளும். 32-பிட் இயந்திரங்களில் சுட்டி, இன்ட் இரண்டும் 4 பைட் ஆதலால் இக்குறை வெளிப்படாமலே கிடந்தது. 64-பிட் லினக்சிலோ சுட்டி 8 பைட், இன்ட் 4 பைட். முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு, செய்நிரல் தொடர்பற்ற வேறோர் இடத்தில் நின்றுபோகலாம். வகைமாற்றத்தால் அந்த முறையீடு மறையுமேயன்றி வெட்டு மறையாது. பெரும்பாலும் இலங்கைப் பொறியாளர்களால் எழுதப்பட்ட அப்பாச்சி ஆக்சிஸ்2/சி போல, இருவகை இயந்திரங்களும் அருகருகே வழங்கிய 2000களில் உருவான சி மென்பொருள்களைப் பராமரிப்போருக்கு இது வெறும் ஏட்டறிவன்று. அறிவிக்கப்படாத சார்பு பற்றிய அந்த ஊகத்தைச் சி99 தரம் நீக்கிய பின்னரும், ஜிசிசி தொகுப்பான் 2024இல் வெளியான 14ஆம் பதிப்பில்தான் அதனை இயல்பாகவே பிழையென நிறுத்தத் தொடங்கியது. கால் நூற்றாண்டுப் பொறுமை சற்று அதிகந்தான்.

நம்பிக்கை: சிறிய எண்ணைச் சுட்டியாக்கி இடும்போது எழும் அளவு எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

உண்மை: சுட்டியைத் தாங்கும் அகலமுள்ள 'இன்ட்பிடிஆர்_டி' என்னும் முழுஎண் வகையின் வழியாக இருதிசையிலும் மாற்றினால் எச்சரிக்கை முறையாகவே நீங்கும். ஆயினும் 0 இடப்பட்டால், எதுவும் இடப்படாத நிலையிலிருந்து அதனைப் பிரித்தறிய முடியாது.

நம்பிக்கை: அழிப்புச் சார்பின் வகை பொருந்தாவிடில் அச்சார்பின் சுட்டியையே வகைமாற்றிக் கொடுக்கலாம்.

உண்மை: இழை முடியும்போது அதன் மதிப்பை விடுவிக்கும் அச்சார்பு வாய்ட் சுட்டியொன்றையே ஏற்க வேண்டும், பொருந்தாத வகையினூடாக அழைக்கப்படும் சார்பின் நடத்தையைத் தரம் வரையறுப்பதில்லை. வாய்ட் சுட்டியை ஏற்று, உள்ளே உரிய வகைக்கு மாற்றிக்கொள்ளுமாறு சார்பைத் திருத்துவதே வழி.

நம்பிக்கை: சி11 தரத்தின் 'திரெட்_லோக்கல்' வந்தபின் திறவிகள் தேவையற்றவை.

உண்மை: தொகுப்பானே வகையைச் சரிபார்ப்பதால் எளிய எண்களுக்கு அது மிகவும் உகந்தது, ஆனால் அழிப்புச் சார்பை இணைக்கும் வசதி அதற்கில்லை என்பதால், இழை முடிகையில் நினைவகத்தை விடுவிக்கவேண்டிய இடங்களில் திறவியே நிலைக்கிறது. அந்த அழிப்பும் மதிப்பு வெற்றுச் சுட்டியாக இல்லாதபோது மட்டுமே நிகழும். 'மெயின்' சார்பு திரும்பிச் செய்நிரல் முழுவதும் முடிவுறும்போது அழிப்புச் சார்பு அழைக்கப்படுவதில்லை.