கிளி வளர்க்கலாமா?

குழந்தைகள் கிளி கேட்கிறார்கள். வாங்கலாமா? கொஞ்சம் யோசிப்போம்.

நம் ஊர் மரப்பொந்துகளில் வாழும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். வாங்குவதும் விற்பதும் குற்றமே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அந்தச் சின்னப் பறவையும் கிளி இனம்தான். அதன் சொந்த நாடு ஆஸ்திரேலியா. அதை வளர்க்கத் தடை இல்லை. எடை 30 முதல் 40 கிராம்தான். ஆனால் 5 முதல் 10 ஆண்டு வரை வாழும். அத்தனை நாளும் அது நம் பொறுப்பு.

வாங்கும் முன் நம்மையே கேட்போம்:

1. தினமும் தண்ணீர் மாற்றி, கூண்டைச் சுத்தம் செய்வது யார்?
2. தினையோடு கீரையும் கொடுக்க முடியுமா?
3. அது கூட்டமாக வாழும் பறவை. தனியே விட்டால் வாடும். இரண்டு பறவைகள் சிறகு விரித்துப் பறக்கும் அளவு பெரிய கூண்டு உண்டா?
4. அடுப்புப் புகையும் வெயிலும் படாத, பூனை எட்டாத இடம் உண்டா?
5. நாம் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்?

‘முடியாவிட்டால் பறக்க விட்டுவிடலாம்’ என்று நினைக்க வேண்டாம். கூண்டில் பிறந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது. செத்துப்போகும்.

ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்றாலும் இப்போது வாங்க வேண்டாம். வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர் வைப்போம். பறவைகள் தானாக வரும். குழந்தைகள் பார்த்து மகிழ்வார்கள்.

பயிற்சி: மேலே உள்ள 5 கேள்விகளுக்கும் உங்கள் வீட்டுப் பதிலை எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.