பனியன் வேஸ்டும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரையும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவரின் மனைவி நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். கணவர் அவ்வப்போது சாப்பாட்டுப் பையில் வெட்டுத் துணிகளைக் கொண்டு வருகிறாராம். அவற்றைக் கொண்டு மிதியடி, தலையணை, வாசல் திரை என்று தைத்து வாடகை வீட்டை அழகாக வைத்திருக்கிறார் இந்தச் சகோதரி. அண்மையில் ஒரு முஸல்லாவும் தைத்திருக்கிறார். விரித்துத் தொழ நின்றபோதுதான் மனம் உறுத்தியதாம். "வேஸ்ட் துணிதானே என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதில் தொழலாமா?" என்பது கேள்வி.

கழிவுத் துணியில் வீட்டுப் பொருள் செய்வது நம் மார்க்கத்திற்குப் புதிதல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அதை விரும்பாமல் அகற்றினார்கள். அன்னையவர்கள் அந்தத் துணியை எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணையாகத் தைத்தார்கள். பெருமானார் (ஸல்) அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் இரண்டு தலையணைகள் என்றும், உள்ளே பேரீச்ச நார் அடைத்தார்கள் என்றும் இருக்கிறது. இன்னொரு முறை, செத்துக் கிடந்த ஆட்டைக் கண்டு, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) கேட்டார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் உழைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். கைவேலை செய்யும் நம் தாய்மார்களுக்கு இதைவிட மேலான முன்மாதிரி எது?

நிற்க. அன்னை ஆயிஷா (ரலி) வெட்டியது தம்முடைய துணி. சகோதரியின் உறுத்தல் இங்கேதான் இருக்கிறது. அது நியாயமான உறுத்தல்.

அற்பப் பொருள் விஷயத்தில் மார்க்கம் கடுமை காட்டவில்லை. உடையவர் எறிந்துவிட்ட பேரீச்சங்கொட்டையையும் மாதுளைத் தோலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹனஃபி சட்ட நூல்கள் சொல்கின்றன. பனியன் வேஸ்டை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா? திருப்பூரில் வசிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை, கலர் என்று பிரித்து, மூட்டை கட்டி, கிலோ கணக்கில் விலை பேசுகிறார்கள். வொர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போகிறது. மில்லில் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கவும் போகிறது. 1925-ல் குலாம் காதர் என்ற முஸ்லிம் பெரியவர் ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்று சொல்லப்படும் ஊர் அது. இத்தனை காலத்தில் அங்கே துண்டுத் துணிக்கும் விலை வந்துவிட்டது. பெயர்தான் வேஸ்ட், பொருள் முதலாளியுடையது.

பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடியாகி, மறுமையில் அதைச் சுமந்து வருவார் என்று நாயகம் (ஸல்) எச்சரித்ததை முஸ்லிமில் காண்கிறோம். தையல் ஊரில் இருப்பவர்களுக்கு ஊசி என்ற சொல்லே போதும்.

ஆகவே கணவர் கேட்டு வாங்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் தலையாட்டினால் போதாது. கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். காசு கேட்டால் கொடுத்துவிடலாம். முன்பு எடுத்தவற்றையும் சொல்லி ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், அந்தக் கூச்சத்தை இம்மையிலேயே பட்டுவிடுவது நல்லது. அந்த முஸல்லாவில் ஏற்கெனவே தொழுத தொழுகை, ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின்படியும் நிறைவேறிவிட்டது. திருப்பித் தொழ வேண்டியதில்லை. அனுமதியில்லாமல் பயன்படுத்திய குற்றம் மட்டும் நிற்கும்.

இனி தைப்பதைப் பார்ப்போம். ஒளு செய்யும் இடத்து மிதியடிக்குப் பருத்தித் துணியே வேண்டும். பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது. ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். சாதாரண பனியன் துணியை ஓரங்குல நாடாவாகக் குறுக்கே வெட்டி இழுத்தால் தானாகவே கயிறுபோல் சுருண்டுகொள்ளும். ரிப், இன்டர்லாக் துணிகள் அப்படிச் சுருளா. மூன்று நாடாக்களைச் சடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கையால் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைக்கக் கூடாது. தரையில் பரப்பி, வளைவில் சடையைச் சற்றுத் தளர விட்டுத் தைக்காவிட்டால் மிதியடி கிண்ணமாகக் குவிந்துவிடும். கம்பெனித் துணி கிடைக்காவிட்டால் என்ன? வீட்டில் கிழிந்த பனியன்கள் இல்லாமலா போகும்! அக்குளுக்குக் கீழே உள்ள குழல் பகுதியைச் சுற்றிச் சுற்றி வெட்டினால் ஒரே நீள நாடா கிடைக்கும்.

முஸல்லாவுக்கு மேல்துணி ஒரே நிறமாக இருக்கட்டும். கோடுகள் போட்ட ஆடையொன்று தொழுகையில் கவனத்தை இழுத்ததால், நாயகம் (ஸல்) அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரண ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். பல நிறத் துண்டுகளை ஒட்டிச் சித்திரமாக்கும் திறமையைச் சகோதரி தலையணையில் காட்டட்டும். தடித்த துண்டுகளை உள்ளே அடுக்கி, பழைய ஜமுக்காளத்தை அடியில் கொடுத்துத் தைத்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கும்.

குழந்தைகள் பனியனில் கார்ட்டூன் உருவங்கள் வருகின்றனவே, அவற்றை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். திரையாகத் தொங்கவிட வேண்டாம். மிதிபடும், உட்காரும் பொருள்களில் உருவம் இருப்பதை உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதித்திருக்கிறார்கள். சிலர் அதையும் மறுத்திருக்கிறார்கள். முகத்தின் நடுவே கத்திரியை ஓட்டி நாடாவாக்கிவிடுவது பேணுதல். ஆனால் அல்லாஹ்வின் பெயரோ திருவசனமோ அச்சிட்ட துண்டு எதுவும் கைக்கு வந்தால், அது மிதியடியில் போய்விடாமல் முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.