அச்சகத்தின் இரண்டாம் வாசல்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் அச்சகங்கள் வாடிக்கையாளர்களைத் தேடி அலையவில்லை. பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டம், பாடாங் செராயை அடுத்த விக்டோரியா தோட்டம் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் வரிசை வீடுகளில் சேர்ந்து வாழ்ந்தன. திருமணம் நிச்சயமானதும் வீட்டுப் பெரியவர் பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகை அடித்து வருவார். கோயில் திருவிழா அறிக்கையும் நன்கொடை ரசீதுப் புத்தகமும் அதே அச்சகத்தில்தான் உருவாகும். கடைவீதியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் போதும். மற்றதை வாய்மொழி பார்த்துக்கொள்ளும்.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் வேலை தேடிப் பிறை, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் எனச் சிதறினார்கள். ஆனாலும் தோட்டத்துக் கோயிலை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுத் திருவிழாவுக்கு ஒன்றுகூடுகிறார்கள். அந்தத் திருவிழாவின் ஏற்பாடுகள் இன்று புலனக் குழுவில் நடக்கின்றன. தலைவர் கூலிமில் இருக்கலாம், பொருளாளர் பட்டர்வொர்த்தில் இருக்கலாம், அறிக்கைக்குப் பணம் தருபவர் சிங்கப்பூரில் இருக்கலாம். இவர்களில் ஒருவர்கூடச் சுங்கைப்பட்டாணிக் கடைவீதியில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போவதில்லை. அச்சகம் அவர்களுடைய திறன்பேசித் திரைக்குப் போனால்தான் அவர்கள் கண்ணில் படும். முகநூலும் புலனமும் இன்ஸ்டகிராமும் டிக்டாக்கும் அச்சகத்துக்கு இரண்டாம் வாசலாக அமைவது இப்படித்தான்.

இந்த வாசலில் போட்டியும் நுழைந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் சிவகாசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தபோது அவற்றின் வண்ணச் சீட்டுகளை அச்சிடவே அச்சகங்கள் பெருகின. பிறகு நாட்காட்டி, திருமண அழைப்பிதழ் என அந்தத் தொழில் விரிந்தது. முன்பு தமிழகத்துக்குப் பட்டுப் புடவை வாங்கப் போனவர்கள்தாம் அழைப்பிதழையும் பார்த்து வந்தார்கள். இப்போது கெடாவில் உட்கார்ந்துகொண்டே அங்குள்ள மாதிரிகளைத் திரையில் புரட்டலாம். விலையில் அவர்களோடு மோதுவது சிறிய அச்சகத்துக்கு எளிதன்று. ஆனால், இந்த வட்டாரத்தைத் தெரிந்து வைத்திருப்பதும், தவறு நேர்ந்தால் மறுநாளே திருத்தித் தருவதும் உள்ளூர் அச்சகத்தால் முடியும். சமூக ஊடகத்தில் காட்ட வேண்டியது இதைத்தான். பூங்கொத்துப் படத்தோடு தினமும் ‘காலை வணக்கம்’ போடுவதால் ஓர் அழைப்பிதழும் கூடுதலாக விற்காது.

திரையில் ஒளிரும் நிறம் வேறு, தாளில் பதியும் நிறம் வேறு. திறன்பேசி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைத் தாளின்மேல் பதிக்கிறது. அதனால் திரையில் பளிச்சென்றிருந்த குங்குமச் சிவப்பு தாளில் சற்று மங்கலாகத் தெரியும். கணினியில் செய்த வடிவமைப்பை மட்டும் பதிவேற்றும் அச்சகம், பொருளை ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பைக் காண நேரும். அச்சிட்டு முடித்த அட்டையைக் கையில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே நம்பகமானது. தாள் வெட்டப்படுவதையும் பொன்னிற எழுத்து அழுத்திப் பதிக்கப்படுவதையும் அரை நிமிடக் காணொளியாகக் காட்டினால் அச்சுக் கலையை அறியாதவரும் நின்று பார்ப்பார். அச்சகத்தில் அன்றாடம் நடப்பதே அங்குப் புதுமையான காட்சியாகிவிடும்.

தமிழ் எழுத்து அடுத்த சிக்கல். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் கணினியில் தமிழை எளிதாக்கியது. 2005இல் வெளிவந்த அவருடைய செல்லினம் கைப்பேசியிலும் தமிழைத் தட்டச்சிட வழி செய்தது. இன்று வாடிக்கையாளர் அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒருங்குறியில் வருகிறது. ஆனால், சில அச்சகங்களின் கணினிகளில் பழைய குறியீட்டு எழுத்துருக்களே இன்னும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாமல் ஒட்டினால் கொம்பு இடம்மாறும். புள்ளி காணாமல் போகும். தமிழ் தெரியாத ஒருவர் அதை அப்படியே அச்சிட்டால் ‘திருமணம்’ என்ற சொல்கூட உருக்குலைந்துவிடும். ஒற்று மிகுமிடமும் லகர ளகர ழகர வேறுபாடும் தெரிந்த ஒருவர் அச்சகத்தில் இருக்கிறார் என்பது பெரிய விற்பனைச் செய்தி. பிழையான பதாகை வாசகத்தையும் திருத்திய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாரம் ஒரு பதிவு இடலாம். அதைத் தமிழாசிரியர்களே மகிழ்ச்சியோடு பகிர்வார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான நற்சான்றிதழ்களை அச்சிட இடம் தேடுபவர்களும் அந்த ஆசிரியர்கள்தாமே!

மெய்ப்புப் பார்ப்பதற்கும் புலனம் கைகொடுக்கிறது. முன்பு மெய்ப்பைப் படிக்க ஒருவர் தோட்டத்திலிருந்து பேருந்தில் வர வேண்டும். இப்போது மணமகளின் தாய் லூனாஸிலும் தாய்மாமன் குரூணிலும் இருந்தபடி ஒரே நேரத்தில் படிக்கலாம். எனினும், ‘பார்த்தேன்’ என்பதற்குக் கட்டைவிரல் குறி அனுப்புவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள், கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், குடும்பத்தாரின் பெயர்கள் ஆகியவற்றைத் தனித்தனியே சரிபார்த்து ‘அச்சிடலாம்’ என எழுத்தில் தரும்படி கேட்பதே முறை. கிழமை ஒன்று மாறி அச்சாகிவிட்டால் முந்நூறு அட்டையும் வீண். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழும்போது எழுத்தில் உள்ள ஒரு வரி இரு தரப்பையும் காப்பாற்றும்.

படம் அனுப்பும் முறையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். ‘ஏ4’ தாளின் நீளம் ஏறக்குறைய 11.7 அங்குலம். ஆகவே, முழுத் தாளுக்கு நீளவாக்கில் சுமார் 3500 புள்ளிகள் தேவை. புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுவதால் தாத்தாவின் நினைவஞ்சலிப் படம் அச்சில் கலங்கிப்போகும். அதே படத்தைக் கோப்பாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. இந்த விளக்கத்தை ஒருமுறை காணொளியாக்கிப் பக்கத்தின் மேலே நிறுத்தி வைத்தால், நாளுக்குப் பத்து முறை தொலைபேசியில் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

சமூக ஊடகத்தின் உண்மையான ஆதாயம் அச்சுக் கணக்கில் வெளிப்படுகிறது. ஆஃப்செட் முறையில் நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் பிரதி அடித்தாலும் அச்சுத் தட்டுக்கான செலவு ஒன்றுதான். அதனால் சிறு எண்ணிக்கைக்கு விலை ஏறும். ஒரு பெரிய தாளில் ஏறத்தாழ இருபது முகவரி அட்டைகள் அடங்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள் வரும் அட்டைகள் ஒரே தாளில் அச்சாகும்’ என அறிவித்தால், கோல கெட்டிலில் வடை விற்பவருக்கும் அலோர் ஸ்டாரில் முகவொப்பனை செய்பவருக்கும் தட்டுச் செலவு பங்காகிறது. முன்பு இப்படிப்பட்டவர்களை ஒரே வாரத்தில் ஒன்றுசேர்க்க வழியே இல்லை.

காலமும் தெரிந்திருக்க வேண்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பதாகைகளுக்கு மார்கழியிலேயே பேச்சு தொடங்கிவிடும். சுங்கைப்பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணியர் தேவஸ்தானத்தின் சித்திரா பௌர்ணமி விழாவுக்குப் பந்தல் போட்ட பிறகு விளம்பரம் செய்து பயனில்லை. முகூர்த்தம் குறைந்த ஆடி மாதத்தில் ரசீதுப் புத்தகங்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் முன்பதிவு கேட்கலாம்.

சட்டமும் இந்த வாசலில் காவல் நிற்கிறது. இணையவழி வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2013 ஜூலையில் முதன்முதலாக நடப்புக்கு வந்தன. இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும். ‘விலைக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்’ என்று எழுதுவது பழகிப்போன வழக்கம்; ஆனால் விதிக்கு முரணானது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமோ அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் வெளியீட்டில் இருக்க வேண்டும் என்கிறது. திருவிழா மலரின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் அந்த வரிதான், முகநூல் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே அச்சகத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற விளம்பரம்.

வாடிக்கையாளரின் அழைப்பிதழை மாதிரியாகப் பதிவேற்றுவதில் கூடுதல் கவனம் தேவை. அதில் வீட்டு முகவரி இருக்கிறது, கைப்பேசி எண் இருக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில் அந்த வீட்டில் ஆள் இருக்காது என்பதும் அச்சிடப்பட்டிருக்கிறது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அந்த விவரங்களை மறைத்து, திருமணம் முடிந்த பின்னரே படத்தை வெளியிட வேண்டும்.