அழைப்புக் கடிதம் வந்த பிறகு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஜெர்மனியிலிருந்து வந்த மின்னஞ்சலை எனக்கும் அனுப்பிவைத்தாயே, படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் நீ பிரித்தெடுத்த நுண்ணுயிர்களை அவர்கள் ஆய்வகத்தில் ஆறு மாதம் தங்கி ஆராயலாம் என்று ஒரு பேராசிரியர் தானே முன்வந்து எழுதுவது சின்ன விஷயமா? "விசா மட்டும் கிடைத்துவிட்டால் கிளம்பிவிடலாம்தானே அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். விசா கடைசியில் வருவது. அதற்கு முன்னால் இரண்டு பல்கலைக்கழகங்கள் உனக்காகச் செய்து தர வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. பன்னாட்டு உறவுகள் அலுவலகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் கையில் இப்போது இருப்பது ஒரு பேராசிரியரின் விருப்பம். அவருடைய பல்கலைக்கழகம் இன்னும் எழுத்தில் எதையும் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்கென்று 2005-இல் தனி விதிமுறை கொண்டுவந்தார்கள். 2016-இல் அதை விரிவாக்கினார்கள். அதில் அச்சாணி போன்றது 'ஏற்பு ஒப்பந்தம்' என்ற ஒரு தாள். என்ன ஆய்வு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுதி, அந்த நிறுவனமும் நீயும் கையெழுத்திட வேண்டும். அது இருந்தால் தூதரகம் உன்னை ஆய்வாளராக நடத்தும். பிஎச்.டி. மாணவியை ஆய்வாளராக ஏற்பதா, விருந்தினர் மாணவியாகப் பதிவதா என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். முதல் பதிலிலேயே கேட்டுவிடு. பேராசிரியரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதே. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அங்கே அலுவலகம் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை எங்கே தங்குவாள் என்று அண்ணி கவலைப்படுவதும் நியாயம்தான். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிவதற்கு வீட்டுக்காரர் எழுதித் தரும் சீட்டு வேண்டும். பதிவுச் சீட்டு இல்லாமல் பல வங்கிகளில் கணக்குத் திறக்க முடியாது. கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை எதில் வந்து விழும்? இந்தச் சங்கிலி எங்கே அறுந்தாலும் முதல் மாதம் முழுக்க அலைச்சல்தான். இதற்காகவே அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டு ஆய்வாளர்களுக்கென்று வரவேற்பு மையம் இருக்கிறது. விருந்தினர் இல்லத்தில் அறை, பதிவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்குவது, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். காப்பீட்டில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதே. சம்பள ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் சம்பளத்திலேயே நடந்துவிடும். உதவித்தொகையில் போகிறவள் தன் காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். உன்னுடையது இதில் எது என்று அழைப்பில் ஒரு வரி கூட இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போது டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1925-இல் ஹைடெல்பெர்க்கில் மாணவர்களின் முயற்சியில் தொடங்கியது. பணம் பெரும்பாலும் அரசிடமிருந்து வந்தாலும், அதன் உறுப்பினர்கள் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களும் மாணவர் அமைப்புகளும்தான். நம் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அவர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. கருவி வாங்க அதில் காசு கிடையாது. இங்கிருந்து ஆட்கள் அங்கே போகவும், அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்து தங்கவும் மட்டுமே தருவார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் நடந்தால்தான் கூட்டாய்வு பிழைக்கும் என்பது தெரிந்தவர்கள் வகுத்த திட்டம் அது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்துக் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் அலமாரி நிறையக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம் முடிந்து காலாவதியாகும்வரை ஒரு மாணவர் கூடப் போகவில்லை, ஒருவர் கூட வரவில்லை. எந்த ஒப்பந்தத்தைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேள்: இதற்குப் பொறுப்பான ஆள் யார், பணம் எங்கிருந்து வரும், போனவர் திரும்பி வந்தால் அவருடைய வேலைக்கு இங்கே என்ன மதிப்பு?

உருப்படியாக நடந்த கூட்டாய்வு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கோலார் தங்க வயலைப் பார். 1960-களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் அங்கே சேர்ந்து இறங்கின. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவைப் பிடிப்பது நோக்கம். மற்ற துகள்களின் தொந்தரவு இல்லாத ஆழம் வேண்டும். அந்தச் சுரங்கத்தில் ஏறத்தாழ 2300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த சுரங்கம் அது. 1965-இல் அந்த நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவாயிற்று. அந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையை ஒரு முறை எடுத்துப் பார். ஆச்சார், மேனன், ஸ்ரீகண்டன் என்று இந்தியப் பெயர்கள், ஹினோட்டானி, மியாக்கே என்று ஜப்பானியப் பெயர்கள், வுல்ஃபெண்டேல் உள்ளிட்ட டர்ஹாம்காரர்கள் என்று மூன்று நாட்டாரும் ஒரே தலைப்பின் கீழ் நிற்கிறார்கள். இடம் கொடுத்தவர்கள் இடம் கொடுத்ததோடு ஒதுக்கப்படவில்லை.

அந்த உறவு சுரங்கத்தோடு முடியவும் இல்லை. ஒசாகா குழுவும் டாடா நிறுவனமும் பிறகு ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கைகோத்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே திரண்ட ஓர் இடிமேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அங்குள்ள மியூவான் தொலைநோக்கிதான் காட்டிக்கொடுத்தது. முடிவு வெளியானது 2019-இல். முன்னோடிகள் ஓய்வுபெற்ற பிறகும் அவர்கள் மாணவர்களும் அந்த மாணவர்களின் மாணவர்களும் இரண்டு நாட்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் வரிசையில் யார் யார், தரவு யாரிடம் இருக்கும், உன் ஆய்வேட்டில் அதை நீ தடையில்லாமல் பயன்படுத்தலாமா என்பதைப் போவதற்கு முன்பே எழுதி வாங்கு. சேகரித்தது நீ, வெயிலில் பாத்தி வரப்பில் நின்றது நீ. வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் மனக்கசப்பில்தான் முடியும்.

அதைவிட முக்கியம், அந்த நுண்ணுயிர் மாதிரிகள். குப்பியைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்து எடுத்துப்போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் நாட்டில் 2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டம் இருக்கிறது. இங்குள்ள உயிர்வளத்தை ஆய்வுக்காக வெளிநாடு கொண்டுபோவதற்கும், அதிலிருந்து காப்புரிமை கோருவதற்கும் விதிகள் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கமும் சும்மா இல்லை. நகோயா உடன்படிக்கை 2014-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மாதிரி எங்கிருந்து, யார் அனுமதியோடு வந்தது என்பதற்கு ஐரோப்பிய ஆய்வகங்களும் ஆவணம் வைத்திருக்க வேண்டும். உன் பல்கலைக்கழகம் அவர்களோடு மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் போட வேண்டும். அனுமதி கிடைக்க நாள் பிடிக்கும் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கு. ஜெர்மன் பேராசிரியரும் இதைப் பார்த்து உன்னை மதிப்பார்.

இங்கே உன் பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு விவகார அலுவலகம் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2021-லேயே அப்படி ஒன்றை அமைக்கச் சொல்லி வழிகாட்டுதல் தந்தது. அங்கே போய், ஆறு மாதமும் உன் பதிவு தொடரும், இங்குள்ள உதவித்தொகைக்கு என்ன ஆகும், அங்கே செய்த வேலை ஆய்வேட்டில் ஏற்கப்படும் என்று மூன்றுக்கும் கடிதம் வாங்கு. வழிகாட்டி வாயால் சொன்னது போதாது. அவர் மாற்றலாகிப் போகலாம், ஓய்வுபெறலாம். இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வழிகாட்டி ஒரே ஆய்வேட்டை மதிப்பிடும் முறையும் உண்டு. ஆனால் நீ பாதி தூரம் வந்துவிட்டாய். இப்போது அதில் இறங்கினால் விதிகளுக்கு நடுவிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பேராசிரியருக்குப் பதில் எழுதும்போது, அவருடைய மாணவர் ஒருவரை வரும் கோடையில், உப்பு வாரும் பருவத்தில், தூத்துக்குடிக்கு அனுப்ப முடியுமா என்று கேள். நான் சொன்ன பரிமாற்றத் திட்டத்துக்கு உன் வழிகாட்டியும் அவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் அந்தச் செலவுக்கு வழி பிறக்கலாம். வருகிறவர் உங்கள் வீட்டிலேயே தங்கட்டும், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். பதிலை அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு ஒரு தடவை காட்டு.

அன்புடன்,
அத்தை