அணு மின்நிலையப் பாதுகாப்பு விதிகள் ஏன் திருத்தப்படுகின்றன?

2004 டிசெம்பர் 26 இல் சுனாமி நீர் தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணு மின்நிலையத்தின் நீர்ப்பம்பி நிலையத்தினுள் புகுந்தது. இயங்கிய உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

கருப்பிளவு நின்ற பின்னரும் எரிபொருள் வெப்பத்தை வெளிவிடும். எனவே குளிராக்கல் தொடர வேண்டும். 2011 மார்ச்சில் யப்பானின் புகுஷிமாவில் சுனாமியால் மின்வழங்கல் அற்றுக் குளிராக்கல் தடைப்பட்டது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

அதன் பின்னர் இந்தியாவில்:

1. உலைகளை இயக்கும் இந்திய அணுமின் கழகம் அவற்றை மீளாய்வு செய்தது.
2. 1983 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் தனிக்குழு அமைத்து ஆராய்ந்தது.
3. அவசரவேளையில் வெளியிலிருந்து நீர் செலுத்தும் இணைப்புகள் சேர்க்கப்பட்டன.

நினைவிற் கொள்க: உலையின் நிலையை நாளாந்தம் அறிபவர் இயக்குபவர். அவர் உண்மைத் தகவலை வழங்கினாலே விதி பயன்தரும். ஆயினும் அனுமதி வழங்கும் அதிகாரம் வாரியத்திற்கே உரியது.

வினா: நிறுத்திய உலைக்கும் குளிராக்கல் அவசியம். ஏன்?