இருமுறை விடிந்த பயணம்

உலக உருண்டையின்மீது இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். பயணத்திற்கு ஆகும் நேரமோ அவ்வாறு அளந்து அறியத்தக்கதன்று. விமானத்தின் வேகமும், வீசும் காற்றும், சுமக்கும் எரிபொருளும், போர்க்காலமாயின் பகைவர் இருக்கும் இடமுங்கூட அதனை முடிவு செய்கின்றன.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ளது பெர்த் நகரம். இலங்கையின் தென்பகுதியில், காலி நகருக்கு அருகே, கொக்கலை என்னும் ஏரி உள்ளது. இடையே இந்துமாக்கடல், தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்கும் பொருட்டு, 1943 ஜூன் இறுதி முதல் குவாண்டாஸ் நிறுவனத்தார் கேட்டலினா என்னும் கடல் விமானங்களை இவ்விரண்டு இடங்களுக்குமிடையே எங்கும் இறங்காமல் செலுத்தலாயினர்.

கேட்டலினா மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்வது. கணக்கிட்டுப் பாருங்கள், காற்றே வீசாவிடினும் 28 மணி நேரம் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினாலோ, கடலைக் கடக்கும் வேகம் 180 ஆகக் குறையும். பயணம் மூன்று மணி நேரம் நீளும். இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், அதே காற்று அதே தொலைவில் அதற்கு ஒன்பது நிமிடத் தாமதத்தையே உண்டாக்கும். கேட்டலினாவின் பயண நேரம் 27 மணி முதல் 33 மணி வரை மாறி மாறி அமைந்ததில் வியப்பில்லை.

மூன்று மணி நேரம் என்பது பொறுமையைச் சோதிப்பது மட்டுமன்று. நடுக்கடலில் எரிபொருள் நிரப்ப இடம் ஏது? ஆகவே, தொட்டிகளில் இயன்றமட்டும் பெட்ரோலை நிரப்பி, பிற சுமைகளைக் குறைத்தனர். பயணிகள் மூவருக்கே இடம். அஞ்சல் 69 கிலோகிராம். தற்காப்புக்குத் துப்பாக்கியும் இல்லை.

பகைவர் விமானங்கள் உலவும் பகுதியை இரவில் கடக்குமாறு புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. வானொலியில் பேசினால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். ஆதலின் பேசாது சென்றனர். இருளில் வழி காட்டியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தனர். அவற்றுள் மூன்றை நாமும் அறிவோம்: ஸ்பைக்கா என்பது நம் சித்திரை; அண்டாரிஸ் நம் கேட்டை; ஆல்டேர் நம் திருவோணம்.

ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தும் பயணம் முடியாமையால், கதிரவன் எழுவதை அவர்கள் இருமுறை கண்டனர். 'இரு விடியல் கண்டோர் மறைக்குழு'வில் சேர்ந்ததாகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. 1945 ஜூலை வரை 271 முறை இவ்வாறு கடல் கடந்தனர்.

2018 மார்ச்சில் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடையில் எங்கும் இறங்காமல் பறந்தது. தொலைவு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். நேரம் ஏறத்தாழ 17 மணி. இருநூற்றுவருக்கும் மேற்பட்ட பயணிகள் அதில் அமர்ந்திருந்தனர்.